ஒரு தலைக்கு எத்தனை கடவுள்

யாழினிக்கு மொட்டை அடித்தபோது உடனிருந்தவர்கள்: மூன்று வயது முடிய ஒரு வாரமே பாக்கியிருந்த யாழினி, அவளைப் பெற்ற என் அக்கா செல்வி, அக்கா வீட்டுக்காரர் சேகர், அவருடைய அக்கா தனலட்சுமி, கடைசியாக நான். வராதவர்கள்: என் அப்பா, என் அம்மா, எங்கள் ஊர் மாரியம்மன், ஏழுமலையான், மாதா, ஏரிக்கரை ஐயனார். வந்தவர்கள் இரண்டு வருஷமாகச் சண்டை போட்டதே வராதவர்களுக்காகத்தான்.

அம்மா வராததற்கு நிலக்கடலை பிடுங்குவது காரணம். அப்பாவுக்குப் பாண்டிச்சேரி இன்னும் வெளிநாடு. "பிரெஞ்சுக்காரன் ஊருக்கெல்லாம் நம்மால ஆவாது" என்று துண்டை உதறிவிட்டார். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன சேதி எங்கள் ஊருக்கு வர பஸ் வசதி இல்லை.

நான் இரண்டு வேலையாகப் போனேன். ஒன்று, மடி. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குழந்தைக்கு முதல் மொட்டை அடிப்பார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான், எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். ஆனாலும் சொந்தக்காரர்கள் என்னிடம் மதிக்கிற ஒரே உறுப்பு மடிதான். இரண்டாவது வேலை, ஒரே கடவுள் என்ற நம்பிக்கை மனித மனதில் எப்படித் தோன்றியது என்று ஜூன் மாதக் கருத்தரங்கில் நான் படிக்க வேண்டிய கட்டுரை. அதற்காக நூலகத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள்.

"மாமா சாமி படத்தயெல்லாம் கழட்டி மூட்ட கட்டிட்டாருடா. எல்லாம் ஒரே சாமிதானாம். நீ மனசப் பத்திதான படிக்கிற, வந்து என்னான்னு பாரு."

ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் எங்கோ நடந்ததாகப் புத்தகங்கள் சொல்கிற காரியம், பாண்டிச்சேரியில் அக்கா இருக்கிற முத்தியால்பேட்டையில் சுடச்சுட நடந்துகொண்டிருக்கிறது. விடுவேனா?

முதலில் முடி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். யாழினி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் எலிக்குஞ்சு மாதிரி கிடந்தாள். வெளியே வராந்தாவில் நான்கு பேர் நான்கு தூணில் சாய்ந்துகொண்டு, பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று வேண்டிக்கொண்டார்கள். அம்மா எங்கள் ஊர் மாரியம்மனிடம். சேகர் ஏழுமலையானிடம். தனலட்சுமி அண்ணி அவர்கள் குலதெய்வமான ஏரிக்கரை ஐயனாரிடம். அக்கா, வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதா கோயிலிடம். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பதால் யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது. ஒரு வயதில் மொட்டைக்கு நாள் பார்த்தபோதுதான் ஒரு தலைக்கு முன்னால் நான்கு தெய்வங்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது.

வேண்டுதல் முடியில் கத்தரி படக் கூடாது. இரட்டைப்படை வயதில் மொட்டை அடிக்கக் கூடாது. ஒரு வயது சண்டையில் போனது. மூன்றும் இந்த வாரம் போய்விட்டால் அப்புறம் ஐந்துதான். அதுவரைக்கும் அந்தத் தலை தாங்குமா என்று எந்தத் தெய்வமும் கேட்கவில்லை. பக்தர்களும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கிளம்பினேன். கத்திரி வெயில். அம்மா ஒரு தேங்காயும், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசும் கொடுத்திருந்தாள். காசைக் குழந்தை தலையைச் சுற்றி எடுத்து, முடியோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதாவது போட்டியில் ஜெயித்து வரவேண்டும். பஸ்ஸில் தேங்காய் பையிலிருந்து உருண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் டிரைவர் வரைக்கும் போய் வந்தது. "யாரு தேங்கா இது? டிக்கெட் எடுத்துச்சா?" என்றார் கண்டக்டர். வேண்டுதல் தேங்காய் என்றேன். உடனே அதை எடுத்து என்ஜின் மேல் டிரைவர் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். இறங்கும்போது கேட்டால், "சாமிக்கு வெச்சத எப்பிடி சார் திருப்பித் தர்றது" என்றார். மாரியம்மன் சொத்தில் முதல் பங்கு வழியிலேயே கைமாறியது.

அக்கா வீட்டுச் சுவரில் படங்கள் இல்லை. படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகச் சதுரம் சதுரமாக இருந்தது. நடுவில் ஒரு விளக்கு. கடவுள்கள் சிமெண்ட் மூட்டைக்குள் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள். சேகர் சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியில் ஊதுபத்தி காட்டுகிறாள். புகை மெத்தையிலிருந்து கிளம்புவது தெருவில் பழகிப்போய்விட்டதாம்.

யாழினி வந்து நின்றாள். முடி சடை பிடித்து, கண்ணை மறைத்து, கழுத்தில் ஒட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் வேர்க்குரு பழுத்துக் கட்டியாகியிருந்தது. இரண்டு கையாலும் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"மாமா, தல சுடுது."

"இன்னும் ரெண்டு நாளுடி தங்கம்" என்றாள் அக்கா. இரண்டு வருஷமாகச் சொல்கிற இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டி. பாண்டிச்சேரி ரொட்டி முழங்கை நீளத்தில் உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் கொடுத்தால் மாடு ஓட்ட வைத்துக்கொள்வார்கள். மத்தியானம் வஞ்சிரம் குழம்பு. வெள்ளிக்கிழமையில் மீனா என்று தட்டைத் தள்ளி வைத்தேன். அக்கா விளக்கினாள். முன்பெல்லாம் மாரியம்மனுக்காகச் செவ்வாய், மாதாவுக்காக வெள்ளி, பெருமாளுக்காகச் சனி, ஐயனாருக்காக அமாவாசை என்று விரதம் போக மிச்ச நாளில்தான் மீன். ஒரே சாமி ஆனதிலிருந்து எல்லா நாளும் மீன். பிள்ளைச்சாவடியிலிருந்து கூடை கொண்டுவருகிற மீன்காரம்மா, சேகரைப் பார்த்தால் வணங்குகிறாராம். என் பேராசிரியர் ஒற்றைக் கடவுளுக்கு நிறைய காரணங்கள் சொல்லியிருக்கிறார். மீன் அதில் இல்லை.

அவர் சொன்னதில் ஒன்று பாலைவனம். பார்க்கிற திசையெல்லாம் ஒரே மணல், ஒரே வானம் என்றால் மனம் தானாக ஒரே கடவுளுக்குப் போய்விடுமாம். சாயங்காலம் யாழினியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பார்க்கிற திசையெல்லாம் ஒரே தண்ணீர், ஒரே வானம். திரும்பிப் பார்த்தால் தெருவுக்கு இரண்டு கோயில். விளக்கத்தைக் கடலில் போட்டுவிட்டு சுண்டல் வாங்கினேன். இன்னொரு விளக்கம் ராஜா: பூமியில் ஒரே ராஜாவைப் பார்த்தவர்கள் வானத்திலும் ஒரே ராஜாவை வைத்தார்களாம். இந்த ஊரை ஆண்டவர்கள் தங்கள் ராஜாவின் தலையையே எடுத்தவர்கள். அவர்கள் நடந்த கடற்கரையில், ஒரு தலையின் முடியை எடுக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

சடைமுடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரப் பையன் எங்களைப் பார்த்து நின்றுவிட்டான். யாழினியின் தலையைக் காட்டி பிரெஞ்சில் என்னவோ சொன்னான். பக்கத்து பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அவர் அப்படி ஒரு சொல்தா. மொழிபெயர்த்தார்.

"ரொம்ப அழகா இருக்காம். அவன் இந்த மாதிரி வளக்கறதுக்கு ஆறு வருஷம் ஆச்சாம். பாப்பா எவ்ளோ நாளா தியானம் பண்ணுதுன்னு கேக்கறான்."

"பொறந்ததுலேருந்துன்னு சொல்லுங்கய்யா."

சொன்னார். அவன் யாழினியைக் கும்பிட்டான். அவன் வீட்டிலும் நான்கு பேர் வேண்டிக்கொண்டிருப்பார்கள்போல. யாழினி சுண்டல் கையால் தலையைச் சொறிந்தாள்.

சனிக்கிழமை சேகரைப் பிடித்தேன். புத்தகங்களில் பெரிய விளக்கம் அப்பாதான். சின்ன வயதில் அப்பாவைப் பார்த்துப் பயந்த பயமும், அவரே காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையும் சேர்ந்து, வளர்ந்த பிறகு வானத்தில் ஒரு பெரிய அப்பாவை உட்கார வைக்கின்றன. சேகரின் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து இறந்தவர். டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாமா, சின்ன வயசுல உங்கப்பாவப் பாத்தா பயமா இருக்குமா?"

"எங்கப்பாவுக்கு எங்கம்மாவப் பாத்தா பயம். அவரு பயந்தாரேன்னு நாங்களும் பயந்தோம். ஏன் மச்சான்?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கற ஆளு இல்லியே. கேள்வி கேட்டு எழுதிக்கினு போயி மார்க்கு வாங்கற ஆளு."

ஒப்புக்கொண்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"முடிய ஒருத்தருக்குக் குடுத்தா மத்த மூணு பேருக்கும் கோவம் வரும் மச்சான். மாதா கம்முனு இருப்பாங்க. ஐயனாரு இருப்பாரா? கைல அருவா வெச்சினு இருக்காரு. உங்க ஊரு மாரியாத்தா அம்ம போட்டுடும். பெருமாளு வட்டி வாங்கற ஆளு. அந்தப் பொட்டிக்குள்ள கெடந்தாளே, அந்த மாதிரி இன்னொரு தபா பாக்க என்னால முடியாது. எல்லாம் ஒரே சாமின்னு வெச்சிக்க. கோவமும் ஒண்ணுதான. ஒரு கோவம்னா எப்பிடியாவது தாங்கிக்கலாம்."

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துத் திரும்ப சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து. ரெட்டியார்பாளையத்திலிருந்து தனலட்சுமி அண்ணி ஐயனாரின் சார்பில் வந்தார். அம்மா, எங்கள் ஊர்ப் பக்கத்து வீட்டு போனில், மாரியம்மனின் சார்பில். தெய்வங்களுக்குள் பேதமில்லை என்பதைப் பற்றி மூன்று நிமிஷம் நான் பேசினேன். படித்த பையன் பேசுகிறான் என்று மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு சேகர், "எல்லாம் ஒண்ணுதான், யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார்.

"ஒண்ணுதான்" என்றார் அண்ணி.

"ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

"ஆமாய்யா, ஒண்ணுதான், அதுல என்னா சந்தேகம்" என்றாள் அம்மா போனில்.

மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்த காரியம், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்போது அண்ணி சொன்னார்:

"எல்லாம் ஒண்ணுன்னு ஆயிப்போச்சு. அப்ப எங்க ஐயனார் கோயில்லயே போட்டுடலாம். யாருக்குப் போட்டா என்னா?"

"அதான் அண்ணி, யாருக்குப் போட்டா என்னா? மாதா கோயிலு நடந்து போற தூரம்" என்றாள் அக்கா.

"ஒண்ணுதான். ஆனா அந்த ஒண்ணு பெருமாளு" என்றார் சேகர்.

போனில் அம்மா, "எல்லாம் ஆத்தாதான், இது தெரியாதா இவங்களுக்கு? மாப்பிள்ளகிட்ட சொல்லுடா" என்றாள்.

"அண்ணி, பேர் சொல்லாம வேண்டிக்கிட்டீங்களா, பேர் சொல்லி வேண்டிக்கிட்டீங்களா?" என்று அறிவியல் ரீதியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"நீ சும்மா இரு தம்பி. ஒனக்கு மடிதான் வேல" என்றார்.

மத்தியானம் மீன் ஆறிப்போய், யாரும் தொடாமல் இருந்தது. நான்கு பேரும் ஒரே கடவுளை ஒப்புக்கொண்டார்கள், நான்கு பேருக்கும் அவர் தன் கடவுள். கட்டுரைக்கு அருமையான முடிவு. யாழினி மூலையில் படுத்திருந்தாள். அவள் சொறியவில்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் உடம்பு கொதித்தது. கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை. அக்கா முடியை ஒதுக்கிப் பார்த்து, கையை எடுத்துச் சேகரிடம் காட்டினாள். கை முழுக்க சீழ். சேகர் குழந்தையைத் தூக்கினார். தெருவில் ஓடினார். ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட அண்ணியும் நாங்களும் பின்னால் ஓடினோம். ஆட்டோ, பாதி வழியில் பெட்ரோல் இல்லை என்று நின்றது. டிரைவர் வண்டியைச் சாய்த்துச் சாய்த்துக் கிளப்பினார். யாழினி என் தோளில் சூடாகக் கிடந்தாள்.

அதே பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மண்டைத் தோல் பூரா கட்டி. முடிய எடுத்துட்டு சீழ எடுக்கணும், இல்லன்னா உள்ள எறங்கும். ஏன் இத்தன நாளு வெச்சிருந்தீங்க?" என்றார். நான்கு தெய்வங்களின் பிரதிநிதிகளும் தரையைப் பார்த்தோம்.

கட்டுப்போடும் அறையில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ். அண்ணி கடைசியாக ஒரு தடவை முயன்றார்.

"சிஸ்டர், வேண்டுதல் முடி இது. அந்தக் கட்டி எடத்துல மட்டும் எடுத்துட்டு..."

"யாருக்கு வேண்டுதல்?"

நர்ஸ் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கொழந்தைக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லியா?"

எல்லோரும் சேகரைப் பார்த்தோம். பெட்டிக்குள் பிள்ளை கிடந்தபோது இருந்த அதே முகம். "எடுத்துடுங்க சிஸ்டர்" என்றார். "எது கோச்சிக்கினாலும் என் மேல கோச்சிக்கட்டும்."

"வெளிய போயி ஒரு புது பிளேடு வாங்கிட்டு வாங்க. இங்க இருக்கறது ஆப்பரேஷனுக்கு வெச்சிருக்கறது. சீக்கிரம்."

ஓடினேன். வாசல் பெட்டிக்கடையில் பிளேடு ஒரு ரூபாய். என்னிடம் இருந்தது நூறு ரூபாய் நோட்டு. கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. "காலங்காத்தால நூறு ரூபா நீட்டனா சில்லறைக்கு நான் எங்க போவேன்?" பையைத் துழாவினேன். மஞ்சள் துணி கையில் பட்டது. அம்மா போட்ட முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்ந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள். இதற்காகத்தானே வந்தேன். அக்கா ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், அண்ணி இன்னொரு கையை. மேளம் இல்லை, சீர்வரிசை இல்லை. இரண்டு வருஷமாக நான்கு தெய்வங்களுக்கும் கிடைக்காத முதல் முடி, ஆஸ்பத்திரி தட்டில் விழுந்தது. குழந்தை முதலில் அழுதாள். பாதித் தலை ஆனதும் அழுகையை நிறுத்திவிட்டு எதையோ கவனித்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, காத்து" என்றாள்.

அப்புறம் சீழ் எடுத்தபோது அவள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது. அதை எழுத எனக்கு விருப்பம் இல்லை. முடிந்ததும் நர்ஸ் தலை முழுக்க மஞ்சளாக ஒரு மருந்தைத் தடவினார். "சந்தனம் பூசன மாதிரியே இருக்கு" என்று அக்கா அழுதாள். தட்டில் இருந்ததை எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணி கேட்டார். "எடுத்துக்குங்க, இல்லன்னா குப்பைக்குதான் போவும்" என்றார் நர்ஸ். அண்ணி பழைய பேப்பரில் நான்கு பொட்டலமாக மடித்தார். இரண்டு வருஷமாகப் பங்கு பிரிக்க முடியாத முடி அது.

வராந்தாவில் அதே தூண்கள். சேகர் ஒன்றில் சாய்ந்து நின்றார்.

"மொத முடி யாருக்கும் போவல, பாத்தியாடா" என்றார் அண்ணி அவரிடம். "யாருக்கும் குடுக்கல. அப்ப யாரு கோச்சிக்கறது?"

சேகர் சிரித்தார். நான் போனதிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அந்த முடி விழுந்த கட்டடத்தில்தான் பிள்ளை பிழைத்தது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். "ஆமா தம்பி" என்றார் அண்ணி, மழை வரும்போல இருக்கு என்றால் சொல்கிற ஆமா.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் எழுந்தபோது சிமெண்ட் மூட்டை காலி. சேகர் ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு படத்தையும் அதனதன் வெள்ளைச் சதுரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பயம் போனதும் ஒரே கடவுளும் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை என்பதால் மத்தியானம் கத்தரிக்காய்.

திரும்பும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சாராயப் பாட்டில் தேடினார்கள். என் பைக்குள் கைவிட்ட போலீஸ்காரர் பேப்பர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுக் கையை உதறினார்.

"என்னாய்யா இது?"

"முடி சார். ஒரு சாமிக்குச் சேர வேண்டிய கால் பங்கு."

"பாட்டில் இல்லல்ல? போ, போ."

அம்மா கடலைச் செடியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் மஞ்சள் துணியைப் பிரித்தாள்.

"காசு எங்கடா?"

"பிளேடு வாங்கிட்டேம்மா. சில்லற இல்ல."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காசுலயா வாங்கன? அந்த பிளேடாலதான் மொட்ட எறங்குச்சா?"

"ஆமா."

"அப்ப ஆத்தா காசுலதான் மொட்ட. மொத முடி ஆத்தாளுக்குதான். நான் சொல்லல?" என்று எழுந்தாள். கோயில் பக்கம் நடந்தவள் பாதியில் திரும்பி வந்தாள். "இத முத்தியால்பேட்டைல சொல்லிடாத. வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது."

ஜூனில் கட்டுரை படித்தேன். பாலைவனமும் ராஜாவும் அப்பாவும் அதில் இருந்தார்கள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். யாழினிக்கு இப்போது விரல் நீளத்துக்கு முடி, சீப்புக்குப் படிகிறது. பஸ், ஆட்டோ, சுண்டல் எல்லாம் என் பாடு, அதை விடுங்கள். அந்தத் தலைக்கு மட்டும் கடைசியில் ஆன செலவு, ஒரு ரூபாய்.